பதினேழு சார் வேண்டாமென்ற சாமான்கள்

திருத்துறைப்பூண்டியில் அறிவுச்செல்வன் வீடு எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். பதினேழு சார் வீடு என்று கேட்டால் உடனே கை காட்டிவிடுவார்கள். முப்பத்து மூன்று வருஷம் அவர் நெல் கொள்முதல் நிலையங்களில் தரம் பார்த்தவர். விவசாயி கொண்டுவந்து கொட்டிய குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி நெல்லை எடுத்து, ஈரப்பதம் காட்டும் மெஷினில் போட்டு எண்ணைப் படிப்பார். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை பிடிக்கலாம். பதினேழரை என்றால், "காய வச்சுக் கொண்டாங்க." கெஞ்சினாலும் அதே பதில், திட்டினாலும் அதே பதில். டீ வாங்கி வந்து நீட்டினால், டீயை ஆறவிட்டுவிட்டு அதே பதில். மழை வருஷங்களில் அரசாங்கம் மனமிரங்கி வரம்பைத் தளர்த்தினால், அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தை மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை அவர் மனைவி செங்கமலம் இட்லி வைத்தார். அறிவுச்செல்வன் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிட்டு, விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

"இட்லிங்க அது," என்றார் செங்கமலம்.

அடுத்த வாரம் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பாதியை மறுபடி கொடிக்கே திருப்பி அனுப்பினார். பால்காரர் வாசலில் நின்றபடி பால் தண்ணீராக இல்லை என்பதற்கு ஐந்து நிமிஷம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாசி பிறந்ததும் செங்கமலம் சென்னைக்குப் போன் போட்டார். அங்கே அவர்கள் மகள் பொன்னி இருந்தாள். வெள்ளைப் பொன்னி நெல்லின் மேல் அப்பாவுக்கு இருந்த மரியாதையால் அவளுக்கு அந்தப் பெயர். கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை.

"பொன்னி, ஒங்கப்பாவ ஏதாவது பண்ணு. நேத்து என் ரசத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறாரு."

பொன்னி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். அப்பாவுக்கு ஆன்லைனில் ஒரு கடை போட்டுக் கொடுப்பது. சென்னையில் அவளுக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் வீட்டு உபயோகச் சாமான்களில் மாதிரிக்கு ஒவ்வொன்று அனுப்புவார். அப்பா அவற்றைப் பார்த்து, எதை விற்கலாம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். யாராவது ஆர்டர் போட்டால் வியாபாரியே தன் கிடங்கிலிருந்து அனுப்பிவிடுவார்.

"தேர்ந்தெடுக்கறது மட்டுந்தான் என் வேலையா?" என்று அறிவுச்செல்வன் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அன்று இரவு இட்லி எப்படி இருந்தாலும் சாப்பிட்டார்.

கடைக்குப் பெயர் வைப்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் சின்ன இழுபறி. பொன்னி ஏதோ ஸ்டைலாகச் சொல்லிப் பார்த்தாள். அறிவுச்செல்வன் 'பதரில்லை' என்றார். நெல்லில் அரிசி இல்லாமல் வெறும் உமியாக இருப்பதுதான் பதர். தன் கடையில் அது கிடையாது. சென்னையில் யாருக்கும் புரியாது என்று பொன்னி சொன்னதற்கு, "புரியாதவங்க வாங்க வேணாம்," என்றார். அதுவே பெயராயிற்று.

பங்குனியில் முதல் பெட்டி வந்தது. உள்ளே முப்பத்தெட்டுச் சாமான்கள். தனியாளாகத் தீர்மானிப்பது நியாயமாகாது என்று அறிவுச்செல்வன் ஒரு குழு அமைத்தார். அவர் தலைவர், செங்கமலம் உறுப்பினர், எதிர்வீட்டு வேதநாயகம் மாஸ்டர் இன்னொரு உறுப்பினர். மாஸ்டர் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் "எப்ப?" என்று மட்டும் கேட்பார், "எதுக்கு?" என்று கேட்க மாட்டார். குழுவுக்கு நீளமான நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டார்கள்: பொருள், சோதித்த விதம், முடிவு, காரணம்.

முதலில் ஒரு அலாரம் கடிகாரம். அதற்கு இரண்டு பக்கமும் சக்கரம். மணி அடித்ததும் மேசையிலிருந்து குதித்து ஓடும். துரத்திப் பிடித்தால்தான் சத்தம் நிற்கும். தூங்குமூஞ்சிகளை எழுப்புவதற்காக யாரோ மெனக்கெட்டுச் செய்தது. அதிகாலை ஐந்து மணிக்கு வைத்தார்கள். சோதனைக்கென்று மாஸ்டர் அன்று இவர்கள் வீட்டுக் கூடத்திலேயே படுத்திருந்தார். ஐந்து அடித்தது. கடிகாரம் குதித்தது. செங்கமலம் கோலம் போடுவதற்காக வாசற்கதவைத் திறந்து வைத்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அது கூடத்தைத் தாண்டி, ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகப் போட்ட சாய்தளத்தில் வேகம் பிடித்து, பாதிக் கோலத்தின் மேல் ஏறித் தெருவில் இறங்கியது.

"புடிங்க மாஸ்டர்!" என்று கத்தினார் அறிவுச்செல்வன்.

பனியனும் லுங்கியுமாக மாஸ்டர் ஓடினார். அறுபத்து நாலு வயதுக்கு நல்ல ஓட்டந்தான். ஆனால் கடிகாரம் தெருக்கோடியில் வளையத் தெரியாமல் நேராக வாய்க்காலில் விழுந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து இன்னும் கொஞ்ச நேரம் மணி அடித்தது. ஒரு தவளை வெளியே வந்து கரையில் உட்கார்ந்தது.

அறிவுச்செல்வன் நோட்டில் எழுதினார்: 'விழிக்க வைக்கிறது உண்மை. விழித்தவர் தெருவில் ஓட நேரிடுகிறது. பக்கத்து வீடுகளில் நால்வர் விழித்தனர். நிராகரிக்கப்பட்டது.'

அடுத்தது முதுகில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. கூன் போட்டால் 'பீப் பீப்' என்று கத்தி நிமிரச் சொல்லும். இதை மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனார். ஜெபத்துக்குத் தலை குனிந்ததும் பட்டை கத்தியது. நிமிர்ந்தார், நின்றது. மறுபடி குனிந்தார், கத்தியது. போதகர் கண்ணை மூடியபடியே, "அலைபேசியை அணைத்துவிட்டு ஜெபிப்போம்," என்றார். அன்று முழு ஜெபத்தையும் மாஸ்டர் ராணுவ வீரர் மாதிரி விறைப்பாக நின்று முடித்தார். காரணம்: 'கடவுளுக்கு முன்னாலும் தலை வணங்க விடவில்லை.'

காய்கறி நறுக்கும் மெஷினைச் செங்கமலம் சோதித்தார். வெங்காயம் நொடியில் துண்டானது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்து, போர் போடுகிறீர்களா, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்தார். நிராகரிப்பு.

நீட்டி மடக்கும் முதுகு சொறியும் குச்சியைப் பற்றி நோட்டில் இப்படி இருக்கிறது: 'கூட்டம் நடந்த ஒன்றரை மணி நேரமும் உறுப்பினர்கள் இதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டனர். தலைவர் கேட்டும் தரவில்லை. வேறு எந்தப் பொருளும் பரிசீலிக்கப்படவில்லை. வேலைக்கு இடையூறு. நிராகரிக்கப்பட்டது.'

தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொள்ளும் குடையை அறிவுச்செல்வனே போட்டுக்கொண்டு காய்கறி மார்க்கெட்டுக்குப் போனார். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குடை. வெயில் துளியும் படவில்லை, இரண்டு கையிலும் பை பிடிக்க முடிந்தது. ஆனால் எதிரே வந்த மூன்று பழைய சகாக்கள் அவரைப் பார்த்ததும் ஒரு கடைக்குள் புகுந்தார்கள். அது வளையல் கடை. 'இரண்டு கையும் சும்மா இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்' என்று எழுதி அதையும் தள்ளினார்.

கடைசியில் முப்பத்தெட்டில் ஒன்பது தேறின. துண்டு, மக், துணிக் கிளிப், கயிறு, நகவெட்டி, சீப்பு, கால்மிதி, டார்ச், டிபன் பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதச் சொன்னாள் பொன்னி. எழுதி அனுப்பினார். 'துண்டு. துவட்டும்.' 'மக். தண்ணீர் மொள்ளலாம்.' 'கயிறு. இருபது அடி. அளந்து பார்த்தேன்.'

"அப்பா, கொஞ்சம் ஆசைய தூண்டுற மாதிரி எழுதுங்களேன்."

"மக்கப் பாத்து என்னம்மா ஆசை வரப்போவுது?"

சித்திரை முழுவதும் ஒரே ஒரு கால்மிதி போனது. வாங்கியது மன்னார்குடியில் இருக்கும் செங்கமலத்தின் தம்பி. வைகாசியில் அதுவும் இல்லை. அறிவுச்செல்வன் தினமும் காலையில் போனைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். விற்காததில் அவருக்குக் கவலை இல்லை. தான் இவ்வளவு பாடுபட்டுக் கழித்துக் கட்டியது வெளியே யாருக்கும் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரு சீட்டு உண்டு, காரணம் உண்டு. இங்கே எதுவும் இல்லை. ஆகவே ஒரு மத்தியானம் உட்கார்ந்து, பொன்னி சொல்லிக் கொடுத்திருந்த முறைப்படி, கடையில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கினார். மேலே 'நிராகரிக்கப்பட்டவை' என்று தலைப்பு. கீழே இருபத்தொன்பது சாமான்களின் படம், நோட்டில் இருந்த காரணங்களோடு, ஒரு எழுத்து மாறாமல். மக்கள் ஏமாறக் கூடாது என்ற ஒரே எண்ணந்தான். எந்தப் பொருளை ஏற்றினாலும் அதன் கீழே 'வாங்க' என்ற பொத்தான் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததிலிருந்து போன் 'டிங் டிங்' என்றது. காஸ் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்து எடுக்கவில்லை. பத்து மணிக்குப் பொன்னியே கூப்பிட்டாள்.

"அப்பா, என்ன பண்ணுனீங்க? பதினாலு ஆர்டர் வந்துருக்கு!"

"துண்டா?"

"ஓடுற கடிகாரம் ஒம்போது. முதுகு சொறியறது அஞ்சு. அந்தப் பக்கத்த யாரோ வாட்ஸ்அப்ல போட்டு எல்லாரும் அனுப்பிக்கிட்டிருக்காங்க."

அறிவுச்செல்வனுக்கு முகம் சிறுத்துவிட்டது. யாரோ படிக்காமல் அவசரப்பட்டு அமுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தார். ஆர்டர் போட்டவர்களின் போன் நம்பர்களை மகளிடம் வாங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எச்சரிப்பதென்று தீர்மானித்தார். முதல் நம்பர் பட்டுக்கோட்டையில் ஒரு பெண்மணி, பெயர் சுமையா.

"வணக்கங்க. பதரில்லை கடையிலேருந்து பேசுறேன். கடிகாரம் ஆர்டர் போட்டிருக்கீங்க. அது வேணாங்க."

"ஏன் சார், தீந்துபோச்சா?"

"தீரல. அது நல்லா இல்லைன்னு கீழயே எழுதிருக்கேனே, பாக்கலியா? அது தெருவுல ஓடும்ங்க. பின்னாடியே நாமளும் ஓடணும்."

"படிச்சேன் சார். எம்மவன் பரீட்சைக்குப் படிக்கிறான், ஏழரைக்கு மின்ன எந்திரிக்கிறதே இல்ல. தெருவுல ஓடுனா ஒடம்புக்கும் நல்லதுதானே? பக்கத்து வீட்டுல நாலு பேர எழுப்பும்னு போட்டிருந்தீங்களே, அது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா…"

"அப்ப ரெண்டா அனுப்பிருங்க. எங்க மச்சி மவனும் இதே மாதிரிதான்."

இரண்டாவது நம்பரும் இப்படியே முடிந்தது. மூன்றாவது ஆள் சிரித்த சிரிப்பில் அறிவுச்செல்வன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலைக்குள் பதினாலு இருபத்திரண்டு ஆகியிருந்தது. அவர் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள்.

அவர் நோட்டை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். மூன்று நாள் சாப்பாட்டில் எதையும் தொட்டு உருட்டிப் பார்க்கவில்லை. செங்கமலத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலாம் நாள் சாம்பாரில் வேண்டுமென்றே உப்பு போடாமல் வைத்துப் பார்த்தார். அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

"என்னங்க, இதுக்கெல்லாமா?" என்றார் செங்கமலம்.

"முப்பத்து மூணு வருஷம் நான் வேணாம்னா வேணாம் செங்கமலம். அத யாரும் மாத்துனதில்ல. இப்ப நான் வேணாம்னா ரெண்டாக் கேக்குறாங்க."

"நீங்க எழுதுனதுல ஏதாவது பொய் இருக்கா?"

"எதுக்குப் பொய்?"

"ஓடும்னீங்க, ஓடுது. நீங்க எழுதுனத நம்பித்தான வாங்குறாங்க? வேற யாரு இப்படி எழுதுறா?"

அவர் தட்டைப் பார்த்து, உப்பு இல்லையே என்று அப்போதுதான் கவனித்தவர் போலக் கேட்டார்.

ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. ஒரு காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் கச்சனத்துக்குப் பக்கத்தில் விவசாயம் செய்யும் வைரக்கண்ணு. பார்த்ததும் அறிவுச்செல்வன் எழுந்து நின்றுவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வைரக்கண்ணுவின் நெல்லைப் பத்தொன்பது என்று சொல்லித் திருப்பியவர் அவர். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டு, பத்தொன்பது இருபத்தாறு ஆயிற்று. அப்போது அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் போனவர்களைத்தான் அறிவுச்செல்வன் ஞாபகம் வைத்திருந்தார். எதிர்வீட்டிலிருந்து மாஸ்டரும் எதற்கும் இருக்கட்டும் என்று விசிலோடு வந்து நின்றார்.

"வாங்க," என்றார் அறிவுச்செல்வன். "ஒக்காருங்க. என்ன விஷயம்?"

வைரக்கண்ணு உட்காரவில்லை. போனை எடுத்துக் காட்டினார். அதில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலைக்குடை.

"இது இருவத்திரண்டு வேணும் சார்."

"இது நான் வேணாம்னு தள்ளுனதுங்க."

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

"புரியலையே."

"எங்க நெல்லையும் வேணாம்னுதான தள்ளுனீங்க? திரும்ப அள்ளிட்டுப் போய்க் காய வச்சு வீட்டுச் சாப்பாட்டுக்குப் போட்டோம். அது மாதிரி ருசி அதுக்கப்பறம் வரலை சார். எம் பொண்டாட்டி இன்னும் சொல்லுவா. நீங்க தள்ளுனா அதுல ஏதோ இருக்கும்னு ஒரு இது."

மாஸ்டர் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அதில்லாம," என்று வைரக்கண்ணு தொடர்ந்தார், "ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்னு எழுதிருந்தீங்க. குறுவை நடவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஆகும்ல? தெரிஞ்சவங்க தெரியாதவங்க ஆயிடுவாங்கன்னு போட்டிருந்தீங்க. வயல்ல எல்லாருமே மாட்டிக்கிட்டா யாரு யாரப் பாத்து ஓடப்போறா?"

குடைகள் வந்து சேர்ந்த வாரம் அறிவுச்செல்வனால் வீட்டில் இருக்க முடியவில்லை. மாஸ்டரைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் கச்சனம் பக்கம் கிளம்பினார். தூரத்திலேயே தெரிந்தது. தண்ணீர் நின்ற வயலில், வரிசையாக இருபத்திரண்டு சிவப்பு மஞ்சள் குடைகள் குனிந்து குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நட்டவர்களின் குடைகள் ஒன்றோடொன்று இடித்து, இடித்த பக்கமெல்லாம் சிரிப்புக் கிளம்பியது. திடீரென்று காற்று அடித்தது. ஒரு குடை கழன்று, கொக்குகளைக் கலைத்துக்கொண்டு அடுத்தவர் வயலுக்குப் பறந்தது. அதற்குச் சொந்தக்காரி கையிலிருந்த நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே சேற்றில் ஓடினாள். சாலையில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அறிவுச்செல்வனும் மாஸ்டரும் வரப்பில் நின்றார்கள். நடவு ஆட்களுக்குத் தலைவியாக இருந்த ஒரு பெண் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள்.

"குடை விக்கிற ஐயா நீங்கதானா? இதுல ஒரு கொற இருக்கு."

அறிவுச்செல்வனின் முகத்தில் பல வாரங்களாகக் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார்.

"என்ன கொறம்மா? பொறுமையா சொல்லுங்க."

"தாடைக்கிட்ட வார் அறுக்குது. வேர்வையில எரியுது."

"இன்னும்?"

"குனிஞ்சா பரவால்ல. நிமிந்து வெத்தல போடணும்னா குடை பின்னாடி இழுக்குது."

"இன்னும் இருக்கா?"

இருந்தது. இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். நோட்டு கொண்டு வராததால் மாஸ்டரின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஒரு டீக்கடையில் மாஸ்டர் கை கழுவப் போனபோது அறிவுச்செல்வன் பாய்ந்து தடுத்தார். மாஸ்டர் இடது கையால் போண்டா சாப்பிட்டார்.

அன்றே நோட்டு அலமாரியிலிருந்து இறங்கியது. வார், வேர்வை, வெற்றிலை, காற்றில் பறக்கும் தூரம் எல்லாம் கடையில் ஏறின. அடுத்த பதினைந்து நாளில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் தலைக்குடை போனது. சென்னை மொத்த வியாபாரி வாருக்குக் கீழே பஞ்சு வைத்துத் தைக்க ஏற்பாடு செய்துவிட்டு, அந்தக் குறையை எடுத்துவிடும்படி பொன்னி மூலமாகச் சொல்லி அனுப்பினார். அறிவுச்செல்வன் பஞ்சு வைத்த குடையை இரண்டு நாள் தானே வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்த பிறகுதான் எடுத்தார். நிலைப்படியில் மூன்று முறை இடித்துக்கொண்டார், அதைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது மாதாமாதம் பெட்டி வருகிறது, குழு கூடுகிறது. சம்பாவுக்கு நாற்று விடும் சமயத்தில் வந்த பெட்டியில்தான் அந்தத் தேங்காய் துருவி இருந்தது. எவர்சில்வர். அடியில் ரப்பர், சமையல் மேடையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், அசையாது. செங்கமலம் பத்து நாள் துருவினார். பல் மழுங்கவில்லை, கை வலிக்கவில்லை, கொட்டாங்கச்சித் தூள் விழவில்லை. மாஸ்டர் தன் பலம் முழுவதையும் போட்டு ஆட்டிப் பார்த்தார். மேடைதான் ஆடியது. அறிவுச்செல்வன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தேறிடுச்சு," என்றார்.

பொன்னி போனில் கெஞ்சினாள். "அப்பா, தேறுனதுன்னு போட்டா யாரும் வாங்க மாட்டாங்கப்பா. நல்ல சாமான். ஒரே ஒரு சின்னக் கொற சொல்லி அந்தப் பக்கத்துல போட்டுருங்க."

"இல்லாத கொறைய எப்படிம்மா சொல்றது?"

"வெல ஜாஸ்தின்னு சொல்லுங்க."

"ஜாஸ்தி இல்லையே."

'தேங்காய் துருவி. துருவும்.' என்று துண்டுக்கும் மக்குக்கும் பக்கத்தில் அது ஏறியது. ஒன்றரை மாதம் யாரும் தொடவில்லை. ஐப்பசியில் ஒரு நாள், அடைமழையில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாள் கடையில் கேள்வி எழுதியிருந்தார். 'உங்கள் மற்ற பொருள்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். இதில் குறையே இல்லையா?'

அறிவுச்செல்வன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துருவியை மேடையிலிருந்து கழற்றி, திருப்பித் திருப்பி மறுபடி பார்த்தார். மாஸ்டரைக் குடையோடு வரவழைத்து இன்னொரு முறை ஆட்டச் சொன்னார், செங்கமலத்தை இரண்டு மூடி துருவச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, ஒற்றை விரலால், அரை மணி நேரம் டைப் அடித்தார். 'மூவர் சோதித்தோம். குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னிக்கவும்.'

அந்த அம்மாள் வாங்கவில்லை. ஆனால் சோதனைக்காகத் துருவிய இரண்டு மூடித் தேங்காய் வீணாகக் கூடாதென்று செங்கமலம் அடுப்பில் வெல்லப்பாகு ஏற்றியிருந்தார். மழை விடும்வரை மாஸ்டரும் இருந்து, மூன்று பேருமாகப் பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டார்கள். அறிவுச்செல்வன் ஒன்றைக்கூட உருட்டிப் பார்க்காமல் நாலு சாப்பிட்டார்.